ஜாங்கிரியைக் கூப்பிட ஒரு குரல்

சிரிப்பு ஒன்று சொல்கிறேன் அண்ணாச்சி. நல்ல சிரிப்பு. கேட்டால் அந்த நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிடுவீர்கள். ஆனால் இப்போது இல்லை, கடைசியில். முதலில் அந்தத் தண்ணீர்க் கேனைக் கீழே வையுங்கள், மூச்சு வாங்குகிறது உங்களுக்கு. உட்காருங்கள். வாக்கி டாக்கியை எதற்கு எடுக்கிறீர்கள்? அது உங்கள் காவல் கூண்டு ஜன்னல் மேலேயே இருக்கட்டும். யாரும் கூப்பிடவில்லை. நான் இங்கேயேதான் நின்றேன், ஒரு சத்தமும் வரவில்லை.

கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 'வெளியாளு உள்ள வரப்பிடாது பிள்ள, மான் நிக்க எடம், ரூலு.' இப்படித்தானே சொன்னீர்கள்? 'ரூலு' என்னும்போது உங்களுக்கு மீசை ஒரு பக்கம் மட்டும் ஏறும். குரல் ஒத்துப்போகிறதா? இன்னும் கொஞ்சம் மூக்கு சேர்க்க வேண்டும். பரவாயில்லை, அவசரத்துக்கு இது போதும்.

நான் விளையாடவில்லை. என் முகத்தைப் பாருங்கள், இது விளையாடுகிற முகமா? என் நாய் உள்ளே இருக்கிறான். சுவரில் அந்தக் கல் பெயர்ந்த இடத்துக்குள் அவன் புகுந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். உள்ளே நாய் வந்துவிட்டால் குளத்துக் காவலில் இருப்பவர் நாய் வண்டிக்குச் சொல்லிவிடுவார், வண்டி வரும், வலை போடுவார்கள், எங்கேயோ கொண்டுபோய் அடைப்பார்கள். அங்கே போன நாய் எதுவும் வீடு திரும்பியதில்லை. இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான், போன மழைக்காலத்தில், பஜ்ஜி தின்றுகொண்டே. நானும் பஜ்ஜி தின்றுகொண்டே கேட்டேன்.

கத்திப் பார்த்துவிட்டேன். கேட்டில் ஏறியும் பார்த்துவிட்டேன். அதற்காகத்தான் செருப்பை அந்தப் புங்க மரத்தடியில் கழற்றிப் போட்டேன், நீங்கள் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அவன் வரவில்லை. என் தொண்டையில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. கூப்பிட்டால் ஏன் வரமாட்டான் என்று கேட்டீர்கள் அல்லவா? அதற்குத்தான் கதை. கதை முடிவில் சிரிப்பு.

என்னை உங்களுக்குத் தெரியும். மெர்லின். தெருவில் எஃப்எம் என்பார்கள், எந்த ஸ்டேஷன் கேட்டாலும் பிடிப்பேன். 'அண்ணாச்சி, சாயா ஆறிப்போகும் கேட்டோ.' ஆமாம், அது நான்தான். சுவருக்கு வெளியே நின்று டீக்கடை சேட்டன் குரலில் கூப்பிட்டேன். நீங்கள் செருப்புப் போடாமல் ஓடி வந்தீர்கள். அதை இன்னுமா மனதில் வைத்திருக்கிறீர்கள்? அன்றைக்குச் சிரித்தீர்களே. சிரிக்கவில்லையா. சரி, நான் சிரித்தேன். ஒருவர் சிரித்தால் அது சிரிப்புதானே.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். சுபத்ரா என்று ஒருத்தி, எனக்கு ரொம்ப நெருக்கம். அவள் அம்மா குரலில் அவள் அப்பாவுக்கே போன் போட்டு, 'வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை, அப்புறம் உங்க அம்மாவ ஊருக்கு அனுப்பிடுங்க' என்றேன். எவ்வளவு நல்ல சிரிப்பு. அந்த வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. சுபத்ரா இப்போது என்னிடம் பேசுவதில்லை. அவளோடு சேர்ந்து மற்றவர்களும் பேசுவதில்லை. கடைசி பெஞ்ச் முழுவதும் எனக்குத்தான், காலை நீட்டி உட்காரலாம். வசதியாகத்தான் இருக்கிறது.

வீட்டில் அம்மா மட்டும். நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குவார், அதனால் வீட்டில் சத்தம் கூடாது. வாயை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.

நாய் என்னுடையது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பின் மாடி அறையில் தணிகை அண்ணன் இருந்தார். ஏசி மெக்கானிக். அவர் குட்டியாகத் தூக்கிவந்து வளர்த்த நாய். சாதா தெரு நாய்தான், ஆனால் வாலைச் சுருட்டி முதுகில் வைத்திருப்பான் பாருங்கள், பாகு சொட்டாததுதான் குறை. அதனால் ஜாங்கிரி. தணிகை அண்ணனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. போகிற அன்று காலையில் கயிற்றை என் கையில் கொடுத்து, 'மெர்லின், காலைல மட்டும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ, மத்ததெல்லாம் அவனே பாத்துப்பான்' என்றார். அவர் குரல் எப்படி என்றால், கூலிங் பத்தாத ஏசி ஓடுமே, அந்தக் கரகரப்பு. கடைசி வார்த்தையை மட்டும் கீழே இறக்குவார். 'பாத்துப்பான்.' இப்படி.

அவன் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. படிக்குக் கீழே படுத்தான், எழுந்திருக்கவில்லை. பால் வைத்தால் பாலில் எறும்பு. முட்டை வைத்தால் காக்கை. நானும் கெஞ்சினேன், திட்டினேன், அழுதுகூடப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அவனுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து கிடந்தேன். எனக்கு அப்போது பயங்கர ஜலதோஷம் வேறு. பிறகுதான் மூளை வேலை செய்தது. தணிகை அண்ணன் குரலை எடுத்தேன். 'டேய் ஜாங்கிரி, கெளம்புடா, ரவுண்டு போலாம்.'

எழுந்துவிட்டான் அண்ணாச்சி. காது இரண்டும் நிமிர, ஒரு கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வந்து, என் முகத்தையெல்லாம் நக்கிவிட்டான். மூக்கடைப்பில் எனக்குக் குரல் பாதிதான் வந்தது. தணிகை அண்ணன் மாதிரியும் இல்லை, யார் மாதிரியும் இல்லை. அதற்கே ஏமாந்தான். நாய்க்கு மோப்பம் கொடுத்த அளவுக்குக் கடவுள் காது கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் தினமும் காலையில் தணிகை அண்ணனாக நடந்தேன்.

என்ன பார்க்கிறீர்கள் உள்ளே? ஏதாவது அசைந்ததா? மான். மான்தான். அவன் இல்லை. மானைக் கண்டால் அவன் துரத்தமாட்டான், நான் எழுதிக்கொடுக்கிறேன். அவனுக்குப் பயம். ஒரு முறை இந்தச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம், உள்ளே கலைமான் ஒன்று செருமியது. என் காலுக்கிடையில் புகுந்துகொண்டான்.

நான் இந்த ஊரில் பிறந்தவள். ஆனால் அதுவரை இந்த ஊர் எனக்குப் பள்ளிக்கூட வேன் ஜன்னல் அளவுதான். அவன் கயிற்றைப் பிடித்த பிறகுதான் ஊர் திறந்தது. மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்திருக்கிறார்களே, அதற்குப் பின்னால் ஒரு பெருச்சாளிக் குடும்பம். ஹெல்மெட் போட்ட ஆட்கள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவையும் ஷிப்ட் மாறும். கால்வாய்ப் பாலத்துக் கம்பியில் வக்கா என்கிற கொக்கு ஒன்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எங்கள் அம்மா டியூட்டி முடிந்து பஸ்ஸில் வருவது போலவே. பக்கத்தில் போனால் 'குவாக்' என்று ஒரு சலிப்பு. அந்தச் சலிப்பும் அம்மாவுடையதுதான். மழைத்தண்ணீர்க் கால்வாயின் மூடி உடைந்த இடத்தில் உடும்பு தலை நீட்டியது. நான் அலறிவிட்டேன். பூ கட்டுகிற அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. 'அது பாட்டுக்கு அது போவுது, நீ பாட்டுக்கு நீ போயேன். ரெண்டு பேருகிட்டயும் வரி வாங்கிட்டா ரோடு போட்டிருக்கான்?'

ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் பாய் சவ்வை எடுத்து மேலே வீசுவார், பருந்து கீழே விழவிடாது. ஜாங்கிரி அண்ணாந்து வாயைத் திறந்தபடியே நிற்பான். அவன் வாயில் ஒன்றும் விழுந்ததில்லை. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை அங்கே இழுத்துப்போவான்.

ஒரு பறவை மட்டும் எனக்குச் சொந்தக்காரன். கரிச்சான். இட்லிக் கடைக்கு மேலே ஒயரில் இருக்கும், வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழே மைனாக்கள் சிந்தின இட்லியைக் கொத்திக்கொண்டிருக்கும்போது இது அப்படியே வல்லூறு மாதிரி கத்தும். மைனாக்கள் அலறிப் பறக்கும். புல்லிலிருந்து கிளம்புகிற பூச்சியையெல்லாம் இது ஆற அமரப் பிடித்துத் தின்னும். நான் கைதட்டிவிட்டேன். தொழில் சுத்தம். இதில் ஒன்று பாருங்கள். நிஜ வல்லூறு வந்தால் ஜாங்கிரி நிமிர்ந்து பார்ப்பான். கரிச்சான் கத்தினால் காதைக்கூட ஆட்டமாட்டான். எது அசல் எது நகல் என்று பறவை விஷயத்தில் அவனை ஏமாற்றவே முடியாது. என் விஷயத்தில் மட்டும் ஏமாந்தான். அந்த அளவுக்கு நான் சுத்தமாகச் செய்தேன் என்று அர்த்தம்.

ஏன் ஒரு மாதிரி பார்க்கிறீர்கள்? நான் சொல்வது புரிகிறதா?

மரநாய் கதை சொன்னேனா உங்களுக்கு? அதையும் கேளுங்கள், பின்னால் தேவைப்படும். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வாசனை வரும், யாரோ பாசுமதி வடித்த மாதிரி. ஜாங்கிரி அங்கே போய் மேலே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு விடியற்காலை நானும் பார்த்தேன். பூனை அளவுக்கு, கறுப்பு முகம், வால் மட்டும் உடம்பு நீளத்துக்கு, குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பால் போடுகிறவர்தான் சொன்னார், அது மரநாய், மாம்பழமும் சப்போட்டாவும் தின்னும், யாரையும் ஒன்றும் செய்யாது என்று. பெயரில்தான் நாய். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். செகரட்டரி ராமபத்ரன் சாரிடம் போய், 'சார், நம்ம மொட்டைமாடியில மரநாய் இருக்கு' என்றேன். அவருக்குப் பாதிதான் காதில் விழும். 'மாடியில நாயா? உன் நாயை மாடிக்கு ஏத்தினதுமில்லாம எங்கிட்டயே வந்து சொல்றியா?' அன்று மாலையே லிஃப்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார், நாய்கள் மாடிக்குச் செல்லக் கூடாது என்று. அந்த மரநாய் தினமும் அறிவிப்புக்கு மேலே நடந்து போகிறது.

சிரித்துவிட்டீர்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை. அது கடைசியில்.

வாக்கியைத் தொடாதீர்கள் அண்ணாச்சி. தயவுசெய்து. 'கொளத்துக் காவல் குமரேசன் ஒண்ணும் சொல்லலையே, வண்டிய இன்னும் காணலையே' என்கிறீர்கள். வரும். வண்டி வந்தால் சத்தம் கேட்காதா? வருவதற்குள் நான் முடித்துவிடுகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

எங்கே விட்டேன். ஏமாந்தான் என்றேன். எந்த அளவுக்கு ஏமாந்தான் என்றால், சாயங்காலம் என் வேன் நிற்கிற முனையில் வந்து உட்கார்ந்திருப்பான். தணிகை அண்ணன் வேனில் வரமாட்டார். அது நாய்க்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்து குரலே இல்லாமல் படுத்திருந்தபோது என் அறை வாசலிலேயே கிடந்தான். உள்ளே தணிகை அண்ணன் ஒளிந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான், பாவம். என் செருப்பை எங்கே கழற்றினாலும் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்வான். ரப்பர் வாசனை பிடிக்கும் போலிருக்கிறது. சில நாள் நடக்கும்போது எனக்குத் தணிகை அண்ணனாகப் பேச மறந்துவிடும், ஸ்கூலில் நடந்தது, சுபத்ரா என்னைத் தாண்டிப் போனது, எல்லாவற்றையும் சும்மா உளறிக்கொண்டே நடப்பேன். அதற்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவான். சட்டென்று ஞாபகம் வந்து, 'வாடா போலாம்' என்று குரலை மாற்றிக்கொள்வேன். நல்லவேளை, ஒரு நாளும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். தணிகை அண்ணன் எப்போதாவது போன் செய்வார். அப்போது ஜாங்கிரிக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விடுவேன். ஒரே நேரத்தில் இரண்டு தணிகை அண்ணன் கேட்டால் எந்த நாயும் கண்டுபிடித்துவிடும். 'அவன்கிட்ட குடு மெர்லின், ஒரு வார்த்த பேசறேன்' என்று ஆசையாகக் கேட்பார். தூங்குகிறான் என்று சொல்லிவிடுவேன். பகலெல்லாம் தூங்குகிற நாய் என்று கத்தாரில் எல்லோருக்கும் தெரியும்.

இன்று காலை, இதோ இந்த வளைவில், போன் வந்தது. நான் சுபத்ராவாக இருக்குமோ என்று அவசரமாக எடுத்தேன். பார்க்காமல் எதையோ அழுத்திவிட்டேன், ஸ்பீக்கரில் வந்துவிட்டது. ரோடு முழுவதும் கேட்கிற மாதிரி, 'டேய் ஜாங்கிரி, எப்பிட்ரா இருக்க?'

அசல். கரகரப்பு, கடைசி வார்த்தையில் அந்த இறக்கம், எல்லாம்.

ஜாங்கிரி போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் செய்துகாட்டுவேன். குரலாக இருந்தால் செய்துவிடுவேன். அவனுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் இவள்தானா என்று தெரிந்துவிட்டது. அவன் கழுத்துப் பெல்ட்டிலிருந்து கயிறு கழன்றுகொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கீரி ரோட்டைத் தாண்டிச் சுவர் ஓட்டைக்குள் போனது, அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவன் பாய்ந்து ஓடிவிட்டான். என்னை விட்டுவிட்டு ஓடினான் அண்ணாச்சி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'கீரியத் தொரத்திட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான பிள்ள.' உங்களுக்கு எல்லாமே சுலபம். நீங்கள் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை.

தணிகை அண்ணனிடம் என்ன சொல்ல? லைன் கட்டாகிவிட்டது. அவர் மறுபடி மூன்று தடவை அடித்துவிட்டார், நான் எடுக்கவில்லை. தூங்குகிறான் என்று எத்தனை நாளைக்குச் சொல்வேன். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கினால் அந்த முனையில் என்ன இருக்கும்? வெறும் முனை. நாளைக்குக் காலையில் வக்கா உட்கார்ந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை பாய் சவ்வை மேலே வீசுவார், நான் யாரோடு நின்று பார்ப்பேன். தனியாக ஒரு பெண் கையில் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தால் உங்கள் டீக்கடையில் சிரிக்கமாட்டார்களா? அதுதான் நீங்கள் கேட்ட சிரிப்பா?

இல்லை, நான் அழவில்லை. இது சுபத்ரா அழுகிற மாதிரி. அவள் மூக்கை இப்படித்தான் உறிஞ்சுவாள்.

எல்லாக் குரலிலும் கூப்பிட்டேன் அண்ணாச்சி, இருந்த சரக்கு அத்தனையும் இறக்கிவிட்டேன். முதலில் தணிகை அண்ணன். வேலைக்கு ஆகவில்லை. பிறகு பாய், கத்தி தீட்டுகிற சத்தத்தோடு. பிறகு சேட்டன். அம்மா. செகரட்டரி சார் குரலில்கூட, 'யாரது அங்கே, இறங்கி வா' என்றேன். காட்டுக்குள் இருந்த மயில் ஒன்றுதான் பதில் சொன்னது. நானும் மயில் மாதிரி பதில் சொன்னேன், பழக்கதோஷம்.

'ஓங் கொரல்ல கூப்ட்டியா?'

என் குரலா? என் குரல் என்றால் எது? அதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. கரகரப்பு இல்லை, மூக்கு இல்லை, இழுப்பு இல்லை. நானே நினைத்தாலும் அதைச் செய்துகாட்ட முடியாது. இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருப்பதா? இது சும்மா பேச்சு. இதற்கு எந்த நாய் வரும்? அதுவும் எல்லாம் தெரிந்த பிறகு.

என்ன சிரிப்பு அண்ணாச்சி? நான் இன்னும் சிரிப்புக்கு வரவே இல்லையே.

'பின்னால பாரு பிள்ள.' ஆகா. பின்னால் பார்க்க மாட்டேன். அது என்னுடைய வித்தை. நான் சின்ன வகுப்பிலேயே கையாண்டது. பின்னால் பார் என்பீர்கள், நான் திரும்புவேன், நீங்கள் கூண்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாக்கியில் வண்டிக்குச் சொல்வீர்கள். நான் யாரிடமும் ஏமாந்ததில்லை. ஏமாற்றுகிறவளுக்கு ஏமாறத் தெரியாது. நான் இந்தக் கம்பியை விடப்போவதில்லை, உள்ளே அந்தப் புதரிலிருந்து கண்ணை எடுக்கப்போவதுமில்லை.

'ஓஞ் செருப்பு.' செருப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகட்டும். பழைய செருப்பு. நான் வெறுங்காலோடு வீட்டுக்குப் போகிறேன். நாய் போன பிறகு செருப்பு எதற்கு.

சரி, இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள். சிரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொன்ன பிறகு கோபப்படக் கூடாது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், தடியால் அடிக்கக்கூடச் செய்யுங்கள், வாக்கியை மட்டும் எடுக்கக் கூடாது. நீங்கள் அங்கே பின்னால் குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனீர்கள் அல்லவா, அப்போது உங்கள் ஜன்னலில்... இந்தக் கம்பிக்குள் கையை விட்டால் ஜன்னல் எட்டுகிறது அண்ணாச்சி, யார் இப்படிக் கட்டினார்கள் என்று தெரியவில்லை... அப்போது அந்த வாக்கியில்...

ஐயோ. பேசுகிறது. எடுக்காதீர்கள். நான் சொல்லி முடித்துவிடுகிறேன், ஒரு நிமிடம், நானே...

'அண்ணாச்சி, குமரேசன் பேசறேன், ஓவர். ஒரு டவுட்டு. குளத்தாண்ட நாய் நிக்குது, வண்டிக்கு சொல்லவான்னு கேட்டனா. நீ என்னா சொன்ன, ஏல குமரேசா, கண்ணத் தொடச்சிட்டுப் பாருல, அது நாய் இல்ல, மரநாயி, வண்டியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்ன. சரின்னு நானும் உட்டுட்டேன். ஆனா அந்த மரநாய் கழுத்துல செவப்பு பெல்ட்டு போட்டுகினு இருந்துச்சே அண்ணாச்சி. வாலு வேற ஜாங்கிரி கணக்கா சுத்திகினு இருந்துச்சி. மரநாய்க்கு யாராச்சும் பெல்ட்டு போடுவாங்களா? ஓவர்.'

அதுதான் சிரிப்பு, அண்ணாச்சி.

வாக்கியைப் பார்க்கிறீர்கள். என்னைப் பார்க்கிறீர்கள். இதே மாதிரிதான் அவனும் பார்த்தான். உங்களுக்கும் தெரிந்துவிட்டது. இந்தக் காலைக்கு இரண்டாவது ஆள். இன்னும் கொஞ்சம் மூக்கு சேர்க்க வேண்டும் என்று நான் முதலிலேயே சொன்னேன், நீங்கள்தான் கவனிக்கவில்லை. உங்கள் மூக்கில்லாமலேயே குமரேசன் நம்பிவிட்டார். திட்டுங்கள். அந்தத் தடியை எடுங்கள். வண்டிக்கு மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன், கேட் குறுக்கே இருக்கிறது, மனதில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்திவிட்டீர்களே. அண்ணாச்சி. அண்ணாச்சி.

'மரநாய்தாம்ல. இந்தப் பக்கத்து மரநாயி பெல்ட்டு போடும். சோலியப் பாருல. ஓவர்.'

இது நான் சொல்லவில்லை. என் வாய் அசையவே இல்லை. நீங்களா சொன்னீர்கள்?

'வெளங்குச்சா. அது அப்பவே கொளத்து மதகு வழியா வெளியேறிட்டு. இனியாவது திரும்பு பிள்ள. அந்தால நிக்கது யாருன்னு பாரு.'

நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், நான் என்னைத்தான் பார்க்கிறீர்கள் என்று பேசிக்கொண்டே போய்விட்டேன். ஏமாற்றினால் தாங்கமாட்டேன் அண்ணாச்சி. இன்றைக்கு வேண்டாம். சரி. திரும்புகிறேன். திரும்பிவிட்டேன்.

டேய்.

செருப்பு மேலயாடா ஒக்காந்திருக்க. ஒடம்பெல்லாம் சேறு. எவ்ளோ நேரமா கேட்டுக்கிட்டு இங்கயே ஒக்காந்திருக்க.

இவ்ளோ நேரமும் நான்தானடா பேசிட்டிருந்தேன்.